பக்கத்து நாற்காலி

என் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. லண்டனில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை. அரையாண்டு விடுமுறைத் தேதியைப் பார்க்கப் பள்ளியின் இணையதளத்துக்குப் போனவள், வழி தவறி வேறொரு அறிக்கைக்குள் போய்விட்டேன். பியூப்பில் பிரீமியம் என்று அரசு தரும் கூடுதல் பணத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்று ஒவ்வொரு பள்ளியும் டிசம்பர் 31-க்குள் வெளியிட வேண்டிய அறிக்கை அது. அதில் ஒரு கட்டத்தில் ‘இயர் 4 (எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள்) வகுப்புக்குக் கூடுதல் உதவியாளர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொகை போட்டிருந்தார்கள். இயர் 4 வகுப்பின் கூடுதல் உதவியாளர் நான்தான். அடுத்த கட்டத்தில் ‘எதிர்பார்க்கும் பலன்’ என்று இருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன்.

பியூப்பில் பிரீமியம் திட்டத்தை 2011 ஏப்ரலில் பிரிட்டனின் அப்போதைய கூட்டணி அரசு கொண்டுவந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதைக் குறைக்க, தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கடந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறையாவது இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளை கணக்கில் வரும். முதல் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு 488 பவுண்டு. 2024-25-இல் ஆரம்பப் பள்ளிக்கு 1,480, மேல்நிலைப் பள்ளிக்கு 1,050. நடுவில் 2015-இலிருந்து ஐந்து ஆண்டுகள் ஆரம்பப் பள்ளித் தொகை 1,320-ஐ விட்டு நகரவே இல்லை. விலைவாசி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கேட்கப் பெரிய தொகை மாதிரி இருக்கும். முப்பது பேர் வகுப்பில் பத்துப் பேர் தகுதியானவர்கள் என்றால் 2024-25 கணக்கில் 14,800 பவுண்டு. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்தால் முழுநேர உதவியாளர் ஒருவரின் செலவே அதைத் தாண்டிவிடும்.

சரி, அந்தச் செலவுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கணக்கிலும் எழுத்திலும் பின்தங்கியிருந்தவன். நல்ல பையன், பேச்சு நிறைய. காலையில் பாடம் தொடங்கியதும் என் நாற்காலியை அவன் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொள்வேன். அவனுக்குப் புரியும்படி கேள்வியை உடைப்பேன். பதில் வராவிட்டால் இன்னும் சின்னதாக உடைப்பேன். உடைத்து உடைத்துக் கடைசியில் விடையைத் தவிர வேறு எதுவும் மிச்சமிருக்காது. அதை அவன் சொல்வான், நான் “வெரி குட்” என்பேன். நோட்டில் எல்லாம் நிரம்பியிருக்கும். ஹெட் டீச்சர் வந்து புரட்டிப் பார்த்தால் திருப்தியாகப் போவார். இன்னொன்றையும் அப்போது நான் கவனிக்கவில்லை. வகுப்பாசிரியை எங்கள் மேசைக்கு வருவதே குறைந்துவிட்டது. வரத் தேவையில்லையே, நான் இருக்கிறேனே. வகுப்பிலேயே அதிகம் படித்த, பயிற்சி பெற்ற ஆளின் நேரம் யாருக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ அவனுக்கு மிகக் குறைவாகக் கிடைத்தது.

இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஒரு பயிற்சி நாளில், கையில் காபியோடு, திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். லண்டன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஜுகேஷனைச் சேர்ந்த பீட்டர் பிளாச்ஃபோர்டும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் பல ஆண்டுகள் நடந்தது. உதவியாளர்களின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள், அவர்களைப் போலவே இருந்த மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்கள் சோம்பேறிகள் என்று அவர்கள் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்காமல், ஆசிரியரோடு திட்டமிட நேரம் கொடுக்காமல் உட்காரவைத்ததைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் அறையில் இருந்த ஆறு உதவியாளர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து உழைக்கிறவளிடம் வந்து இப்படிச் சொன்னால் வேறென்ன வரும்?

கோபம் அடங்க இரண்டு வாரம் ஆனது. அப்புறம் ஒருநாள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேள்வியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நான் தொடங்குவதற்காகக் காத்திருந்தான். எட்டு மாதத்தில் அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

அந்த ஆண்டு பள்ளி எங்கள் வேலையை மாற்றியமைத்தது. எஜுகேஷன் என்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பியூப்பில் பிரீமியம் தொடங்கிய அதே 2011-இல் அரசு நிதியில் உருவானது. எந்த முறை பலன் தருகிறது, எது தருவதில்லை என்று சோதித்துச் சொல்வது அதன் வேலை. அவர்களுடைய வழிகாட்டலைப் பார்த்து, சிறு குழுக்களாக வாசிப்பும் சொல்வளமும் கற்பிக்க எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நான்கு பிள்ளைகள், அரைமணி நேரம், வாரம் நான்கு நாள், பன்னிரண்டு வாரம். என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் என்பதெல்லாம் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வகுப்பில் என்ன பாடம் நடக்கிறதோ அதோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். அதற்காக வாரம் இருபது நிமிடம் ஆசிரியையோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கினார்கள். செலவுப் பட்டியலில் மிகச் சின்னது அந்த இருபது நிமிடம்தான். என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

வகுப்புக்குள் உதவுவதற்கும் ஒரு வரிசை சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் சும்மா இரு. பிறகு “போன தடவை என்ன செய்தாய்?” என்று கேள். அதற்கும் வராவிட்டால் ஒரு குறிப்பு கொடு. அப்புறம் வேறொரு கணக்கைச் செய்து காட்டு. திருத்துவது கடைசியில். இதில் முதல் படிதான் எனக்கு மிகவும் சிரமம். பேசாமல் பத்து விநாடி இருந்து பாருங்கள், தெரியும்.

அந்தப் பையனைப் பற்றிப் பெரிய வெற்றிக் கதை எதுவும் இல்லை. ஆண்டு முடிவில் வகுப்புக்கு எதிர்பார்த்த அளவை அவன் எட்டவில்லை. ஆனால் ஜூனில் ஒருநாள், நான் வழக்கம்போல நாற்காலியை இழுத்தபோது, “மிஸ், கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, நான் யோசிக்கிறேன்” என்றான். அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

தமிழ் தெரிந்தவள் என்பதால் இன்னொரு வேலையும் என்னிடம் வந்தது: பெற்றோரிடம் இலவச மதிய உணவுத் தகுதிக்கான படிவம் நிரப்பி வாங்குவது. ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் வகுப்பு), இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லோருக்கும் 2014-இலிருந்து மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து மேயர் நிதியில் ஆரம்பப் பள்ளி முழுவதற்குமே இலவசம். நல்ல காரியம். ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு எப்படியும் கிடைக்கிறதென்றால் யார் படிவம் நிரப்புவார்கள்? படிவம் இல்லாவிட்டால் பியூப்பில் பிரீமியம் பணம் பள்ளிக்கு வராது.

பள்ளி வாசலில் ஓர் அம்மாவைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். “எங்கட பிள்ளைக்கு ஏன் அக்கா இலவசச் சாப்பாட்டுப் பேப்பர்? நாங்கள் உழைக்கிறம்தானே” என்றார். சாப்பாட்டுக்காக இல்லை, படிப்புக்குப் பணம் வரும், யாருக்கும் தெரியாது என்று மூன்று தடவை பேசினேன். மூன்றாவது தடவை, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அலுவலகத்தில் அவருடைய நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை, அதாவது வேலை, வரிக்கான அரசு அடையாள எண்ணை, தட்டிப் பார்த்தார்கள். தகுதி இல்லை என்று வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை வாங்கும் குடும்பம்தான். ஆனால் உழைத்துச் சம்பாதிப்பது வரி போக ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது 2018-இல் போட்ட வரம்பு. அதுவரை அதை உயர்த்தியிருக்கவில்லை. இவர்கள் சற்றே தாண்டியிருந்தார்கள்.

அதை அவரிடம் போய்ச் சொன்ன அந்த ஐந்து நிமிடம், இந்த வேலையில் எனக்கு மிக மோசமான ஐந்து நிமிடம். அவர் கோபப்படவில்லை. “நான் சொன்னனான்தானே” என்றார்.

தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. தேவை இருப்பதாகப் பள்ளி கருதினால் மற்றவர்களையும் சேர்க்கலாம். ஆசிரியையிடம் பேசினேன். இப்போது என் குழுவில் நான்கு பேருக்குப் பதில் ஐந்து பேர். சின்ன மேசை, முழங்கை முட்டுகிறது. நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.