சட்டையை மோந்து பார்க்கும் வேலை

போதை மீட்பு ஆலோசனைக்கு வரும் மனைவிமார் பலருக்கும் ஒரு திறமை கைவந்திருக்கும். வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்குக் கணவர் கஞ்சா அடித்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற எடுக்கும் நேரம், நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவுவது, பையில் கிடக்கும் கண் சொட்டு மருந்து, வழக்கத்தைவிட அதிகமாக இறங்கும் சோறு, அதற்கு மேல் ராத்திரி பதினொரு மணிக்கு வாங்கி வரச் சொல்லும் முட்டைப் பரோட்டா, எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கும். துவைக்கப் போட்ட சட்டையின் காலரை மோந்து பார்ப்பார்கள். அவர் தூங்கியபின் கைபேசியை எடுத்து, அடிக்கடி யாருக்குப் பணம் போயிருக்கிறது என்று தேடுவார்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரைக்கு பஸ் ஏறி வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுவாக இருக்கும்: “அவுகளைக் காவல் காக்குறதே எனக்கு வேலையாப் போச்சு மேடம்.”

கணவன் மனைவியானாலும் காதலர்களானாலும், கஞ்சா புகுந்த உறவில் முதலில் பழுதாவது இந்த இடம்தான். ஒருவர் ஒளிக்கிறவராகவும் மற்றவர் கண்டுபிடிக்கிறவராகவும் ஆகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் உண்மை சொன்னாலும் இவர் சோதித்துத்தான் நம்புவார். அதனால் ஆலோசகர் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்தக் காவல் வேலையை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கி வேறிடத்தில் வைப்பது. கஞ்சாவை நிறுத்துவது அதற்கு அடுத்த காரியம். வரிசை மாறினால் இரண்டும் நடக்காது.

குடிப்பழக்கத்துக்கும் கஞ்சாவுக்கும் வீட்டுக்குள் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குடித்துவிட்டு வந்தால் தெருவுக்கே தெரியும். கஞ்சா அப்படியல்ல, ஆள் அமைதியாக இருப்பார், சிரிப்பார், கேட்டதற்கு ‘சரி’ என்பார். ஆனால் சொன்னது மனதில் தங்காது. சிலிண்டர் புக் பண்ணச் சொன்னது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள், மச்சான் வீட்டு விசேஷம், எதுவும் நிற்காது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி புதிய தகவலை மூளை பதிந்து வைக்கும் வேலையில் கை வைக்கிறது. அதனால் பல நேரங்களில் அவர் மறந்துபோனது நடிப்பல்ல, சொன்னது பதியவே இல்லை. மனைவி அதை ‘என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார். காரணம் தெரிந்தால் அவருடைய வலி குறையாது. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்பது இரண்டு பேருக்கும் தெளிவாகும்.

முதல் அமர்வில் இருவரையும் தனித்தனியாக இருபது நிமிடமாவது பார்க்க வேண்டும். கட்டாயம் பெண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டும். அடி உதை இருக்கிறதா என்று கணவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அடி இருந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் ஆலோசனையே கூடாது. அங்கே சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் போய் அடி விழும். அப்போது 181 என்ற பெண்கள் உதவி எண், மகளிர் காவல் நிலையம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றைச் சொல்லி, அவர் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆணிடம் கேட்பதிலும் முறை இருக்கிறது. ‘எவ்வளவு அடிப்பீங்க’ என்றால் ‘எப்பவாச்சும் சார்’ என்பார். ஒரு பொட்டலம் எத்தனை நாளுக்கு வருகிறது, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு, தனியாகவா கூட்டத்தோடா, சிகரெட்டில் அடைத்தா பீடித்தூளோடு கலந்தா என்று கேட்டால் உண்மை வரும். கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. நம் பக்கம் பெரும்பாலும் புகையிலை கலந்துதான் இழுக்கிறார்கள். கஞ்சாவை நிறுத்தும்போது நிகோடினும் சேர்ந்து நிற்கிறது. அல்லது கஞ்சாவை விட்டுவிட்டு சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு சிகரெட்டும் பழைய நினைவைக் கிளப்பும். இரண்டுக்கும் சேர்த்தே திட்டம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ‘அசிஸ்ட்’ கேள்வித்தாளில் கஞ்சாவுக்கு 4 முதல் 26 மதிப்பெண் வரை நடுத்தர ஆபத்து, 27ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. அந்த எண்ணை அவரிடமே காட்டலாம். ‘நான் அடிமையெல்லாம் இல்லை’ என்ற வாக்குவாதம் அங்கே பாதி அடங்கும்.

வருகிறவர்களுக்கு போலீஸ் பயம் இருக்கும், அது இயல்பு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்தியதற்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடிப்பவருக்கு, பயன்படுத்திய குற்றத்திலும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலும் விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. இவற்றை முதல் நாளே சொல்லிவிட்டால் பேச்சு திறக்கும்.

நிறுத்தும் நாளைக் குறிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கடைசி இழுப்பிலிருந்து 24 முதல் 48 மணி நேரத்தில் உடல் கேட்கத் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம். எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை, வியர்வை, தலைவலி, சிலருக்கு வயிற்று வலி வரும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் மட்டும் அதற்கு மேலும் இழுக்கும். தினமும் அடித்தவருக்கு கனவு வரும் தூக்கம் அமுங்கிக் கிடந்திருக்கும். நிறுத்தியதும் அது வெள்ளம்போல வரும். பயங்கரக் கனவுகளோடு நனைந்து எழுந்து உட்காருவார். ‘பேய் பிடிச்சிருச்சு’ என்று வேப்பிலை தேடும் வீடுகள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் அந்தப் பயம் வராது. கஞ்சாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து எதுவும் இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மனநல மருத்துவர் சில நாளைக்கு மாத்திரை தரலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இன்னொரு பழக்கத்தில் கொண்டுபோய் விடும்.

அதனால் நிறுத்தும் நாளுக்கு அடுத்த ஏழு நாளில் கல்யாணம், காதுகுத்து, கடன் தவணை, மாமனார் வருகை எதுவும் இருக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு, முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் ‘இன்னையோட விட்டாச்சு’ என்று ஆரம்பித்தால், மணவறையில் உட்கார்ந்திருப்பது உச்சத்தில் இருக்கும் ஆள். ‘ஒரு கால்கட்டுப் போட்டா திருந்திருவான்’ என்று பிள்ளையின் பழக்கத்தை மறைத்துப் பெண் எடுக்கும் பெரியவர்கள், அந்தப் பெண்ணை மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும்: அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னாலோ பாண்டி கோவிலிலோ சத்தியம் பண்ண வைப்பதும் இங்கே வழக்கம். அந்த நம்பிக்கையை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அதற்கு வலு உண்டு. சிக்கல் சத்தியம் பண்ணும் நாளில் இருக்கிறது. நிறுத்திய அன்றே சத்தியம் பண்ணினால் மூன்றாம் நாள் உடம்பு கேட்கும்போது உடைந்துவிடும். உடைத்தவர் சாமிக்கும் பயந்து மனைவிக்கும் பயந்து முன்பைவிட ஆழமாக ஒளிப்பார். நான்கு வாரம் கடந்தபின் போய் நிற்கச் சொல்கிறோம். தினமும் அடித்தவர் மூளையில் டிஎச்சி போய் ஒட்டும் ஏற்பிகள் ஏறக்குறைய அந்தக் காலத்தில் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. அப்போது கொடுக்கும் வாக்கைக் காப்பாற்ற உடம்பும் ஒத்துழைக்கும்.

சிறுநீர்ப் பரிசோதனை அட்டையால் உடைந்த வீடுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த அட்டை கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரியே இருக்கும். ஆனால் படிக்கும் முறை தலைகீழ். கர்ப்ப அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் ‘உண்டு’. இதில் இரண்டு கோடு விழுந்தால் ‘இல்லை’. அட்டையில் ‘சி’ என்று போட்டிருக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு விழுந்தால்தான் ‘உண்டு’. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது ‘இல்லை’ கணக்குதான். ‘சி’ கோடே வரவில்லை என்றால் அட்டை கெட்டது, வேறு எடுக்க வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் படிக்க வேண்டும். காலையில் போட்டதைச் சாயங்காலம் பார்ப்பது செல்லாது. கர்ப்ப அட்டையைப் பழகிய கை இரண்டு கோட்டைப் பார்த்ததும் நடுங்கிவிடுகிறது. உண்மையாக இருந்தவரை அன்று பொய்யன் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. டிஎச்சி கொழுப்பில் தங்கும் பொருள். ஒரே ஒரு முறை இழுத்தவருக்குச் சில நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும். வருடக்கணக்காகத் தினமும் அடித்தவருக்கு, நிறுத்தி மூன்று நான்கு வாரமானாலும் காட்டலாம். சிலருக்கு அதற்கு மேலும். பத்தாம் நாள் ஒற்றைக் கோடு வந்தால் அவர் நேற்று அடித்தார் என்று அர்த்தமில்லை. அதனால் வீட்டில் அட்டை வேண்டாம். நிறுத்தி ஆறு வாரம் போனபின், மையத்தில், ஆலோசகர் முன்னிலையில், முன்பே பேசிவைத்த நாளில் எடுக்கட்டும். சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் உறுதிசெய்துகொள்ளலாம். முடிவைக் கணவர்தான் மனைவியிடம் சொல்ல வேண்டும். காவல் வேலை வீட்டைவிட்டு வெளியே போவது இப்படித்தான்.

வீட்டில் பேசுவதற்கு ஓர் ஏற்பாடு உதவுகிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் இதைப் பற்றிப் பேச்சு, அதுவும் காலையில். புகைத்தபின் போதை இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் நடக்கும் சண்டை அவருக்கு நினைவிலும் இருக்காது, இவருக்கு மறக்கவும் மறக்காது. வந்ததும் வாசலில் வைத்து விசாரணை வேண்டாம், சாப்பாட்டை மறிக்க வேண்டாம். ஆனால் அவருக்காக மேஸ்திரியிடம் ‘காய்ச்சல்’ என்று போனில் பொய் சொல்வதை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். அவர் வாங்கிய கடனை நகை வைத்து அடைப்பதையும்தான். போதையில்லாத நேரத்தில் அவர் பக்கம் உட்காருவது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெப்பக்குளம் வரை ஒன்றாகப் போய்வருவது, போதையில் இருக்கும்போது ஒதுங்கிக்கொள்வது: குடும்பத்தாருக்குத் தரும் பயிற்சியின் சாரம் இவ்வளவுதான். சொல்ல எளிது; பழக மாதங்கள் ஆகும்.

எரிச்சலும் போதை வேட்கையும் ஒரு பக்கம். ‘சோத்துல என்னத்தக் கலந்த’, ‘யாரோட பேசிட்டு வந்த’ என்று ஆதாரமே இல்லாத சந்தேகம், காதில் குரல், மூன்று நாளாகத் தூக்கமில்லாத நடமாட்டம், இவை வேறு. இதைக் குடும்பச் சண்டை என்று எண்ணிப் பஞ்சாயத்தில் உட்காரவைக்கக் கூடாது. அது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் ஆபத்து கூடுதல். அன்றைக்கே அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அருகிலுள்ள மனநல மருத்துவரிடமோ கூட்டிப்போக வேண்டும். காலையில் ஓயாத வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் சுகம் என்றால் அதுவும் நீண்ட காலக் கஞ்சாவின் விளைவாக இருக்கலாம். ‘அல்சர்’ என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் கஞ்சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை தள்ளிப்போகிறது என்று மனைவியை மட்டும் டாக்டர் டாக்டராக அலையவைக்கும் வீடுகளிலும் இதே பேச்சுதான். கஞ்சா விந்தணு எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கக்கூடும். புதிதாக அணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

கல்யாணம் ஆகாதவர்கள் நிலைமை இன்னும் தனிமை. வீட்டுக்குத் தெரியாத காதல், அதற்குள் வீட்டுக்குத் தெரியக் கூடாத கஞ்சா. இரண்டையும் அந்தப் பெண் தனியாகச் சுமக்கிறாள். ‘நீ விட்டுட்டுப் போனா செத்துருவேன்டி’ என்ற ஒரு சொல்லில் அவளைக் கட்டிப்போட்டுவிடுகிறான். அந்தச் சொல்லை அலட்சியமாக எடுக்கக் கூடாது; அதற்குப் பதில் அவள் உறவில் நீடிப்பதும் அல்ல. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அவனுக்குத் தரலாம், அவன் அண்ணனிடமோ நண்பனிடமோ சொல்லலாம். போதைக்கென 14446 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. அவன் சிகிச்சைக்கு வருவது அவன் முடிவு. அவள் காத்திருப்பதா விலகுவதா என்பது அவள் முடிவு. ஒன்றை மற்றதற்கு விலையாக வைக்கக் கூடாது. விலகிவிட்ட பெண்ணைத் துரோகி என்று எந்த ஆலோசகரும் நினைக்கக் கூடாது.

நிறுத்தியவருக்கு மூன்று மாதம் கழித்து வரும் சோதனை வேறு மாதிரி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து வரும் ஜல்லிக்கட்டு நாட்கள், சித்திரையில் எதிர்சேவை இரவும் அழகர் ஆற்றில் இறங்கும் விடியலும்: பழைய கூட்டம் கூடும், இரவு முழுக்க விழிப்பு, கையில் காசு. ‘போகாதே’ என்றால் மதுரைக்காரர் கேட்கமாட்டார், கேட்கவும் தேவையில்லை. யாரோடு போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, பழைய கூட்டாளி தோளில் கை போட்டால் என்ன சொல்லி நகர்வது என்பதை ஒரு வாரம் முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு தடவை வழுக்கிவிட்டால் மறுநாளே ஆலோசகரிடம் சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே போட்ட ஒப்பந்தம். அன்று இழுத்த ஒன்றை மறைக்க ஆரம்பித்தால்தான் பழைய ஆட்டம் திரும்ப ஓடும்.

அவர் நிறுத்திப் பல மாதம் ஆனபின்னும் அந்தப் பெண்ணின் மூக்கு நிற்காது. சட்டையை வாளியில் போடும்முன் கை தானாக காலரைத் தூக்கும். அதைத் தப்பென்று சொல்லி அவரை வெட்கப்படுத்தக் கூடாது. கணவரும் கோபப்படக் கூடாது. இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு பல வீடுகளில் பலித்திருக்கிறது: அவருடைய சட்டைகளை அவரே துவைத்துக் காயப்போடுகிறார்.