நான் 'பார்த்துக் கற்கும்' ரகமாம்

ஆசிரியர் பயிற்சியில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, நான் பார்த்துக் கற்கும் ரகம் என்று முத்திரை குத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் ரகம் உண்டு, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்றார்கள். அதை நம்பி, வகுப்பில் பிள்ளைகளையும் பார்ப்பவர், கேட்பவர், செய்பவர் என்று பிரித்து வைத்தேன். பாவம் அவர்கள்.

அப்புறம்தான் படித்தேன். 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, ரகத்துக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பிடித்த விதம் எல்லோருக்கும் உண்டு, சரி. ஆனால் வரைபடத்தைக் காதால் கேட்டுப் படிக்க முடியுமா? உச்சரிப்பைப் படம் பார்த்தே பழகிவிட முடியுமா?

இப்போது பின்னம் என்றால் எல்லோரும் காகிதம் மடிக்கிறோம், படம் போடுகிறோம், வாய்விட்டுச் சொல்கிறோம். 'கேட்பவன்' என்று நான் எழுதி வைத்திருந்த பையன்தான் முதலில் மடித்து முடித்தான்.