15.24 மீட்டர் ஆழம் வரை எங்கள் வீடு

"ஏண்டி, இங்க இருக்கிற பழைய வீட்டையே எல்லாரும் கழட்டி வித்துட்டிருக்காங்க, நீ கடல் தாண்டிப் போய் கடன் வாங்கி இன்னொரு பழைய வீட்டையா வாங்குற?" என்று அம்மா போனில் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. அம்மா காரைக்குடிப் பக்கம். தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் லாரியில் ஏற்றி அனுப்புவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஊர்க்காரி. நாங்கள் இப்போது இருக்கும் ஊரில் வாசல் கதவைக் கழற்றி வேறு கதவு வைக்க நினைத்தாலே உள்ளூர் கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "நல்ல ஊருதான் போல" என்றாள்.

ஊரின் பெயர் மால்டன். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம், மெல்பனிலிருந்து வடமேற்கே 140 கிலோமீட்டர் போல வரும். மொத்தமே ஆயிரத்து ஐந்நூறு பேர்தான். ஜா ஜா வுரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. 1853 டிசம்பரில் டாரங்கவர் மலையடியில் தங்கம் கிடைத்ததும் கூட்டம் வந்து குவிந்தது, தங்கம் தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது. இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு அப்புறம் யாரிடமும் காசு இல்லாததால்தான் கடைத்தெரு அப்படியே நின்றுவிட்டது என்பது என் கட்சி. ஊர்க்காரர்களின் பிடிவாதமும் உண்டு, அதை மறுக்கவில்லை. பீஹைவ் சுரங்கத்தின் செங்கல் புகைபோக்கியை 1923இல் இடிக்கப் பார்த்தபோது சந்தா போட்டுக் காப்பாற்றியவர்கள். 1966இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு ஆஸ்திரேலியாவிலேயே முதல் 'குறிப்பிடத்தக்க ஊர்' என்று இதைத்தான் அறிவித்தது.

எனக்குப் பக்கத்து நகரமான பெண்டிகோவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, காரில் நாற்பது நிமிடத்துக்குள். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை, மாதத்துக்கு இரண்டு மூன்று முறை மெல்பன் போனால் போதும். கேசில்மெயின் வரை காரில் போய் அங்கிருந்து ரயில் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். 2023 மார்ச்சில் ஊர்ப்புற ரயில் கட்டணத்துக்கும் நகரக் கட்டணத்தின் உச்சவரம்பையே வைத்துவிட்டதால் அந்தச் செலவும் பெரிதாகத் தெரியவில்லை. மெல்பன் மேற்கில் வாடகைக்கு இருந்துகொண்டு அடுத்த வீட்டுச் சமையலறையைப் பார்த்தபடி பல் தேய்த்தது போதும் என்று கிளம்பிவிட்டோம். கூட வேலை செய்யும் இரண்டு பேர் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. விக்டோரியாவில் முதல் வீடு வாங்குபவருக்கு 6 லட்சம் டாலர் வரை முத்திரைத் தீர்வை கிடையாது. எங்கள் வீடு 5 லட்சத்து 75 ஆயிரம். சாதாரணமாக என்றால் இதற்கு 29,570 டாலர் கட்டியிருக்க வேண்டும். வாங்கிய ஒரு வருடத்துக்குள் குடிபோய், தொடர்ந்து 12 மாதம் அதில் வசிக்க வேண்டும், அவ்வளவுதான். 10,000 டாலர் மானியம் என்று ஒன்று உண்டே என்று கேட்பார்கள், அது புத்தம்புது வீட்டுக்குத்தான்.

இனி கெட்ட செய்தி. நாங்கள் முதலில் கையெழுத்துப் போட்டது இந்த வீட்டுக்கு இல்லை.

அது வேறு தெருவில் ஒரு பலகை வீடு, விலை 5 லட்சத்து 40 ஆயிரம். வெள்ளைப் பெயின்ட், பின்பக்கம் புதிதாக இழைத்த மரத்தளம், ஜன்னலோரம் லாவண்டர். பார்த்த நிமிடமே விழுந்துவிட்டேன். கட்டடப் பரிசோதனை நிபந்தனையைப் போட்டால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்ல, நானும் தலையாட்டி நிபந்தனையில்லாமல் கையெழுத்துப் போட்டேன். நல்லவேளை, அது ஏலம் இல்லை. ஏலத்தில் சுத்தியல் தட்டிவிட்டால் முடிந்தது கதை. ஏலமில்லாத விற்பனைக்கு இங்கே மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விலையில் 0.2 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள் பரிசோதகர் வந்தார். அறுபது வயதிருக்கும், முழங்காலுக்குத் தோல் பட்டை கட்டியிருந்தார். சுவரையும் கூரையையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நேராகத் தரைக்குக் கீழே நுழைந்துவிட்டார். இந்தப் பலகை வீடுகளெல்லாம் மண்ணில் நட்ட மரமுட்டுகள் மேல்தான் நிற்கின்றன, பெரும்பாலும் ரெட் கம் மரம். இருபது நிமிடம் கழித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு முட்டின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். கேக்கில் கத்தி இறங்குவது போல் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. "இதில் பதினாறு இப்படி" என்றார். மேலே இருக்கும் புது மரத்தளம் காற்று வரும் வழியையெல்லாம் அடைத்துவிட்டது, உள்ளே ஈரம் தங்கி, கரையான் ஏறியிருக்கிறது. முட்டு மாற்றுவதற்கே முப்பதாயிரம் கிட்ட ஆகும், அதற்கு முன்னால் அந்த அழகான மரத்தளத்தைப் பிய்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். 1080 டாலர் தண்டம் அழுதது அன்று வயிறெரிந்தது, இன்று யோசித்தால் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அதுதான். பழைய வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் எனக்கு இப்போதெல்லாம் உடனே சந்தேகம்தான் வருகிறது.

அதற்கப்புறம் நாலு மாதம் கழித்துக் கிடைத்தது இந்தச் செங்கல் வீடு. முன்னால் நாலு அறை, பின்னால் ஒட்டுச் சார்ப்பில் சமையலறை, தகரக் கூரை. அழகு என்று சொல்ல முடியாது. இந்த முறை கையெழுத்துக்கு முன்பே விற்பவரின் செக்‌ஷன் 32 அறிக்கையைக் வீட்டுப் பத்திர வேலைகளைப் பார்க்கும் கன்வேயன்சரிடம் கொடுத்துவிட்டேன். வில்லங்கம், கவுன்சில் வரி, கடந்த 7 வருடத்தில் வாங்கிய கட்டட அனுமதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாததையும் பார்க்க வேண்டும். குளியலறை நேற்றுக் கட்டியது போல் இருந்து அனுமதி பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் யாரோ சொந்தமாகக் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தக் காகிதங்களுக்குள்தான் எங்கள் பட்டாவில் ஒரு வரியைப் பார்த்தேன்: நிலம் 15.24 மீட்டர் ஆழம் வரை மட்டும். சிரித்துவிட்டேன். 50 அடி என்பதை மீட்டருக்கு மாற்றிய கணக்கு அது. தங்க வயல் பகுதிகளில் இப்படி நிறைய பட்டாக்கள் உண்டாம். அதற்குக் கீழே இருப்பது அரசாங்கத்துடையது. மேலே இருக்கும் 50 அடியிலும் தங்கம் கிடைத்தால் எனக்கில்லை, கனிமமெல்லாம் அரசுக்குத்தான். அம்மாவிடம் சொன்னேன். "அப்போ ஆழ்துளைக் கிணறு?" என்றாள், அவள் கவலை அவளுக்கு.

சிரிப்பு அதோடு நின்றது. ஊரைச் சுற்றிக் குழி தோண்டாத இடமே இல்லை. மாநில அரசின் கனிமத் துறை பழைய சுரங்கக் குழிகளைக் குறித்த வரைபடத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து பார்த்தபோது எங்கள் தெருவின் மேல்முனையில் புள்ளி புள்ளியாக அம்மை போட்டது போல் இருந்தது. எங்கள் மனைக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர், வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "குழியை விடு, மண்ணைச் சோதித்தாயா?" என்று கேட்டார். தங்கப் பாறையை அரைத்துக் கொட்டிய மணலில் ஆர்சனிக் இருக்கும், அந்த மணலை அந்தக் காலத்தில் பாதை போடவும் பள்ளம் நிரப்பவும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்களுக்கு மூன்று வயதுப் பெண் இருக்கிறாள், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். ஐந்து இடத்தில் மண்ணெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வீட்டு மனைக்கு இங்கே சொல்லும் அளவு ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். நாலு மாதிரி அதற்குள் அடங்கிவிட்டது, கொல்லை மூலையில் எடுத்தது 180. அந்த மூலையில் இப்போது கல் பாவி மழைநீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். கத்திரியும் வெண்டையும் உயரமான மரப்பெட்டிகளில், விலைக்கு வாங்கிய மண்ணில். கறிவேப்பிலை தொட்டியில்தான், ஜூன் மாதக் குளிர் வந்தால் அதை வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ராத்திரிப் பனியில் கருகிவிடும். ஒன்றைப் பறிகொடுத்துத்தான் இதைக் கற்றேன்.

வங்கிக் கடன் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சின்ன ஊர் என்றால் சில வங்கிகள் முன்பணம் கூடுதலாகக் கேட்கின்றன, அலைந்தால் கிடைக்கும். காப்பீடுதான் தூக்கத்தைக் கெடுத்தது. செட்டில்மென்டுக்கு, அதாவது மீதிப் பணம் கொடுத்து வீடு கைமாறும் நாளுக்கு, முன் காப்பீட்டுச் சான்று கொடுத்தால்தான் வங்கி பணத்தை விடும். இரண்டு நிறுவனங்கள் கட்டிய வருடத்தைக் கேட்டதுமே முடியாது என்றுவிட்டன. மூன்றாவது ஒப்புக்கொண்டது, மெல்பனில் கட்டியதைப்போல் இரண்டரை மடங்குக்கு. காட்டுத்தீ ஒரு காரணம், பழைய செங்கலையும் கம்பியையும் அதே மாதிரி திரும்பக் கட்டிக் கொடுக்க ஆகும் செலவு இன்னொன்று. விலை பேசும் முன்பே காப்பீட்டுக்கு விசாரித்துவிடுங்கள், நாங்கள் அதைச் செய்யாமல் கடைசிப் பத்து நாள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

செட்டில்மென்ட் நாளில் ஒன்றுமே நடக்கவில்லை. பத்திர ஆபீஸ், சாட்சிக் கையெழுத்து, கட்டைவிரல் மை எதுவும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில். நான் வார்டில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன், கன்வேயன்சரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: முடிந்துவிட்டது, சாவி ஏஜென்டிடம். அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுதான் ரொம்ப ஏமாற்றம். பால் காய்ச்சுவதையாவது வீடியோவில் காட்டு என்றாள்.

வீடு பாரம்பரியக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறது. உள்ளே நம் இஷ்டம். வெளியே இடிக்க, கூட்ட, வேலி மாற்ற, தெருவிலிருந்து தெரியும்படி சோலார் தகடு வைக்கக்கூட அனுமதி வேண்டும். இதற்கு எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை. சோலார் தகட்டைப் பின்பக்கச் சார்ப்பின் மேல் வைத்துக்கொண்டோம், தெருவிலிருந்து தெரியாது, விஷயம் முடிந்தது. கோடையில் வடக்குக் காற்று அடிக்கும் நாள்தான் உண்மையான தொந்தரவு. தீ அபாயம் உச்ச நிலையில் என்று முந்தின நாளே அறிவித்துவிட்டால் காலையிலேயே பெண்ணையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு பெண்டிகோ போய்விடுவோம், சாயங்காலம் வரை கடைகளில் சுற்றுவோம். வீராப்பெல்லாம் கிடையாது.

குடிபோன முதல் குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது. இடுப்பளவுக்குக் கறை, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தொட்டால் பொரிந்து கொட்டியது. ஒரு கம்பெனி ஆள் வந்து சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்ற 11 ஆயிரம் கேட்டார். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது: "எவன்டி சுண்ணாம்புச் சுவத்துல சிமென்ட் பூசினது?"

அதேதான். யாரோ முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் அடிச்சுவரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளே பூட்டிவைக்கும், ஈரத்துக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க ஆறு வாரம் ஆனது. வந்தவரும் அம்மா சொன்னதையேதான் சொன்னார், மரியாதையான வார்த்தைகளில். சிமென்டைக் கொத்தி எடுத்தார், வெளியே மண் ஏறியிருந்த இடத்தை ஒரு சாண் தாழ வெட்டினார், பூசுவதற்கு மட்டும் அவசரப்படாதே என்றார். ஒரு அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது அவர் கணக்கு. எங்கள் சுவர் 14 அங்குலம்.

அதனால் படுக்கையறையில் ஒரு பக்கம் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஈரம் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுகிறோம், கோடு போடுவது பெண்ணின் வேலை. முதல் கோடு சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போட்டது அதற்கு நாலு விரல்கடை கீழே.