சாவியை ஒப்படைத்துவிட்டுப் போன லீவு

வங்கிக் கிளையில் ஒருவர் லீவில் போவதென்றால் மேஜையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட முடியாது. கேஷ் இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு பேரிடம் சாவி இருக்கும். இருவரும் சேர்ந்து நின்றால்தான் அது திறக்கும். அதில் ஒருவர் லீவில் போகிறார் என்றால், பொறுப்பேற்கிறவரை வைத்துக்கொண்டு கட்டுக் கட்டாகப் பணத்தை எண்ண வேண்டும். அடகு நகைப் பைகளைச் சரிபார்க்க வேண்டும். பிறகு சாவிப் பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் முடிய இருட்டிவிடும். ஆனாலும் அந்தக் கையெழுத்து எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அதைப் போட்ட நிமிடத்திலிருந்து அந்தப் பெட்டகத்தைப் பற்றி நான் நினைக்க வேண்டியதில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் கிளை. ஏற்றுமதிக் கடன், எல்.சி. (வாங்குபவருக்காக வங்கி தரும் பணம் செலுத்தும் உறுதிக் கடிதம்), அன்னியச் செலாவணி என்று எப்போதும் ஏதாவது ஒன்று அவசரமாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது. முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் ஊழியர்களை ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021 ஜூலையில் திருத்தி அறிவித்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் பொதுவான மின்னஞ்சலைத் தவிர, வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடக் கூடாது. ஒருவர் ஏதாவது தவறு செய்து மறைத்து வைத்திருந்தால், அவர் நாற்காலியில் வேறொருவர் உட்காரும்போது அது வெளியே வந்துவிடும் என்பதுதான் இதன் நோக்கம். மோசடியைத் தடுக்க வந்த விதிதான். ஆனால் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய நன்மை செய்யும் என்பதை நான் என் வீட்டில் பார்த்தேன்.

எனக்கு அந்த உத்தரவு வந்தது ஒரு மே மாதத்தில். பள்ளி விடுமுறை. ரயிலில் இடம் கிடைக்காது, விமான டிக்கெட் விலை கேட்கவே வேண்டாம். அதனால் பக்கத்திலேயே போவோம் என்று வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். நான், மனைவி, மகள், அம்மா. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். மகள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

போன அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்பா?"

"எங்கயும் போகலம்மா. இங்கயேதான்."

"அப்பாடா!" என்றார். அந்த ஒரு சொல்லில் பல வருஷத்து அலுப்பு இருந்தது. நம் வீடுகளில் சுற்றுலா என்றாலே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஓடுவதுதானே வழக்கம். கும்பகோணத்தில் தங்கி ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் முடிப்பது, ஐந்து நாளில் மூன்று மலை ஊர்களைப் பார்ப்பது. சாமி கும்பிடுவதும் ஊர் பார்ப்பதும் வேண்டியவைதான். ஆனால் முழங்கால் வலியோடு ஒருவர் வேனில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைக்க முடியாது.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டுக்கே வந்துவிடும். வண்டியில் அடிபடாமல் அவை கடந்து போவதற்காக, வாகனங்களை நிறுத்த ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு நாள் காலையில் அங்கே ஒரு குரங்கு பலாப்பழத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தோம். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. பழம் கிட்டத்தட்ட அதன் உடம்பளவு இருந்தது. முள்தோலைப் பல்லால் கடித்துக் கிழித்து, கையை உள்ளே விட்டு, ஒரு சுளையை எடுத்து, கொட்டையைத் துப்பிவிட்டு, அடுத்ததுக்குப் போயிற்று. பால் ஒட்டிய விரல்களை மரத்தில் தேய்த்துக்கொண்டது. நாங்கள் நாலு பேரும் ரோட்டோரமாக நின்று அது தின்று முடிக்கும்வரை பார்த்தோம். வேறு எங்காவது போக வேண்டிய அவசரம் இருந்திருந்தால், "போட்டோ எடுத்தாச்சா, வண்டியில ஏறு" என்று சொல்லியிருப்போம்.

இன்னொரு நாள் சாயங்காலம் மழை. எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பேச விஷயம் எதுவும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: "அப்பா, நான் ப்ளஸ் ஒன்ல பயாலஜி எடுக்கல. காமர்ஸ்தான் எடுக்கப் போறேன்." ஏன் என்று கேட்டேன். நிதானமாகக் காரணம் சொன்னாள். எந்தப் பள்ளி, பிறகு என்ன படிப்பு என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். பாட்டி ஒன்றிரண்டு கேள்வி கேட்டார், அவள் அம்மா ஒன்று கேட்டாள். மழை விடுவதற்குள் முடிவாகிவிட்டது. பிள்ளைகள் இந்த மாதிரி விஷயத்தை நாம் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டால் சொல்வதில்லை. பக்கத்தில் ஒருவர் வேலையில்லாமல் நெடுநேரம் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் வாய் திறக்கிறார்கள். குடும்பத்தோடு ஓய்வாக இருப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் இதுதான்.

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. சுற்றுலா போய் வந்தவர்களில் பெரும்பாலோர், ஊர் திரும்பிய பிறகு, போகாதவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இல்லை. பயணம் மிகவும் ஓய்வாக இருந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி திரும்பிய பிறகும் நீடித்தது. அதே நாட்டில் ஜெசிக்கா டி புளூம் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட விடுமுறையில் போனவர்களின் உடல்நலமும் மனநிலையும் எட்டாவது நாளில் உச்சத்துக்குப் போயின. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டன. சனி, ஞாயிறோடு ஒரு திங்கட்கிழமையைச் சேர்த்துக்கொண்டு ஓடி வருவது ஏன் போதவில்லை என்பது எனக்கு இதில் புரிகிறது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை, வங்கி செலவு தரும் எல்.எஃப்.சி. சலுகையில் ஒரு பெரிய பயணம் போய்விட்டு நடுவில் மூச்சுவிடாமல் உழைப்பதும் சரிவராது. பலன் ஒரு வாரத்தில் கரையும் என்றால், வருஷா வருஷம் போக வேண்டும்.

கிளைக்கும் இது நல்லது. நான் இல்லாத நாட்களில் என் இடத்தில் உட்கார்ந்த இளம் அதிகாரி, அதுவரை என்னோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த ஏற்றுமதியாளர்கள் எல்லோரையும் நேரில் சந்தித்துப் பேசியிருந்தார். இழுத்துக்கொண்டிருந்த ஒரு கடன் புதுப்பிப்பை முடித்தும் வைத்திருந்தார். இப்போது அவர்கள் கிளைக்குள் வந்தால் நேராக அவர் மேஜைக்குத்தான் போகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் தைக்கிறவர்களையும் நினைக்கிறேன். தொழிலாளிக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். பீஸ் ரேட்டில் தைக்கிற பலருக்கு, தீபாவளிக்கு ஊரே காலியாகும் அந்த நாட்கள்தான் குடும்பத்தோடு இருக்கக் கிடைப்பவை. அவர்கள் சொன்ன தேதியில் வரவில்லை என்று முதலாளிகள் என் முன்னால் கோபப்படும்போது, இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டு வரட்டுமே என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சில சமயம் சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது ஆண்டுக் கணக்கு முடிந்து ஏப்ரல் பிறந்ததும் எல்லோருடைய லீவையும் நானே கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். போன தடவை எங்கள் கேஷியர் டிராவல்ஸ்காரர் கொடுத்த பயணத் திட்டத்தைக் காட்டினார். ஊட்டி, மூணாறு, கொடைக்கானல், எல்லாம் ஐந்து நாளில்.

"வீட்ல யாருங்க ரொம்ப ஆசைப்பட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாருமில்ல சார். அவங்க பேக்கேஜே அப்படித்தான் இருக்கு."

சாயங்காலம் வீட்டில் பேசிவிட்டு, மறுநாள் மூணாறை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடித்துவிட்டு வந்தார். லீவையும் இரண்டு நாள் கூட்டிக் கேட்டார். அவருடைய சாவியை வாங்கிக்கொள்ளப் பக்கத்துக் கிளையிலிருந்து டெபுடேஷனில், அதாவது தற்காலிகமாக, ஆள் கேட்டு அன்றைக்கே மண்டல அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன்.