எச்சில் தொட்ட விரல்

காலையில் தார்சாவில் உட்கார்ந்து அப்பா கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவியில் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்ததும் விரலை நாக்கில் தொட்டுத் திரையைத் தள்ளினார்.

அத்தனை வருடப் பழக்கம்.

கண்புரை வந்தபின் புத்தகங்களை மூடிவைத்தவர். இப்போது எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார். அமேசான் கிண்டிலை வெளியிட்டது 2007-ல். அதில் தமிழ் மின்னூல்கள் வந்தது 2016 கடைசியில்தான். அப்பாவுக்காகவே வந்தது போல இருக்கிறது எனக்கு.

“ஏல, இதை மேலவீட்டு அண்ணாச்சிக்குப் படிக்கக் குடுக்கணுமே, எப்படில?” என்றார்.

கருவியோடுதான் கொடுக்கணும் என்றேன். இதில் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை.

எங்கள் வீட்டுப் புத்தகங்கள் பாளையங்கோட்டை முழுக்கச் சுற்றிவிட்டு, காப்பிக் கறையோடும் யாரோ போட்ட பென்சில் கோட்டோடும் திரும்பி வரும். அந்தக் கோடுகளில்தான் அடுத்தவர் மனசைப் படிக்கக் கற்றேன்.

சாயங்காலம் பார்த்தால், கிண்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அப்பா மேலவீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.