அமுக்கிப் பிடி, எட்டிப் பார்க்காதே

மார்ச் 3, திங்கள்

இரவு டியூட்டி. படியில் வழுக்கி விழுந்து மண்டை பிளந்த ஒரு பெரியவரைத் தூக்கி வந்தார்கள். சட்டை முழுக்க ரத்தம், கூட வந்தவர்கள் அவரைவிட அதிகமாகப் பதறிப் போயிருந்தார்கள். தலைக்காயம் எப்போதுமே இப்படித்தான், காயத்தின் அளவுக்கும் கொட்டுகிற ரத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கையிலோ காலிலோ சின்ன ரத்தக்குழாய் அறுந்தால் அது சுருங்கி உள்ளே போய்விடும், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உச்சந்தலையில் குழாய்கள் கெட்டியான நார்த்திசுவோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சுருங்க முடியாமல் அறுந்த வாய் திறந்தபடியே நிற்கும்.

பயிற்சியில் இருக்கிற ஹவுஸ் சர்ஜன் தம்பி காஸ் துணி வைத்து அழுத்தினான். நல்ல பையன், ஆனால் பொறுமை கிடையாது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கித் தூக்கிப் பார்த்தான். நின்றுவிட்டதா என்று பார்க்கத் தூக்கும்போதுதான் அப்போது உறைந்துகொண்டிருந்ததும் காஸோடு பிய்ந்து வருகிறது. ரத்தத்தில் இருக்கிற பிளேட்லெட் தட்டணுக்கள் ஓட்டையில் வந்து ஒட்டத் தொடங்க விநாடிகள் போதும், ஆனால் அதன் மேல் ஃபைப்ரின் என்ற புரத இழை வலை பின்னி அது கெட்டிப்பட நிமிடக் கணக்கில் ஆகும். "கடிகாரத்தைப் பார்த்துக்கோ, பத்து நிமிஷம் கையை எடுக்காதே, எட்டியும் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு நான் பெரியவரிடம் பேச ஆரம்பித்தேன். எப்படி விழுந்தீர்கள், நினைவு தப்பியதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இதயத்துக்கு என்று ஏதோ சின்ன மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார், சீட்டு வீட்டில் இருந்தது. ஆள் அனுப்பி எடுத்துவரச் சொன்னோம்.

பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது ஒரு ஓரத்தில் மட்டும் கசிவு. தோலோடு அடியிலிருக்கும் கெட்டிப் படலத்தையும் சேர்த்துப் பிடித்துத் தையல் போட்டதும் அதுவும் நின்றது. தலையில் தையல்தான் ரத்தத்தை நிறுத்துகிற மருந்து, ஒவ்வொரு குழாயாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டேன், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டு வந்தால் வெளியே நின்றதை வைத்து உள்ளே நிம்மதி அடைய முடியாது.

மார்ச் 5, புதன்

வண்டி விபத்து, கல்லீரல் கிழிந்த கேஸ். வயிற்றைத் திறந்தவுடன் ரத்தம் பொங்கி வந்து எதுவுமே தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு, ரத்தக் குளத்துக்குள் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியை விட்டு எதையாவது கவ்விப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாததைக் கவ்வினால் பித்தநாளமோ நரம்போ நசுங்கும். எங்கள் சீஃப் அவசரமே படவில்லை. ரத்தம் உறிஞ்சுகிற பெரிய துணி மாப்களைக் கல்லீரலுக்கு மேலேயும் கீழேயும் ஒன்றொன்றாக வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அனஸ்தீஷியா, நீங்க ரத்தம் ஏத்துங்க, நான் காத்திருக்கேன்" என்றார்.

அப்புறம் பிரிங்கிள் பிடி. கல்லீரலுக்குப் போகிற தமனியும் போர்ட்டல் சிரையும் ஒரே மடிப்புக்குள் சேர்ந்து போகின்றன, அந்த மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தாலே வருகிற ரத்தம் அடைபட்டுவிடும். ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் என்ற கிளாஸ்கோ சர்ஜன் 1908-ல் எழுதியது, இன்றைக்கும் அப்படியே செய்கிறோம். இதில் ஒரு துப்பறியும் வேலையும் இருக்கிறது. பிடித்ததும் ரத்தம் குறைந்தால் கசிவு தமனியிலோ போர்ட்டல் சிரையிலோ. பிடித்தும் குறையவில்லையென்றால் பின்பக்கம், கல்லீரல் சிரைகளிலிருந்து வருகிறது, அது கெட்ட சேதி. நல்லவேளை, குறைந்தது.

ஆனால் அதற்குள் அவர் உடம்பு குளிர்ந்துவிட்டது. வெப்பம் 34 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது, ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது, ஊசி குத்திய இடத்திலிருந்தெல்லாம் கசிய ஆரம்பித்தது. குளிர்ந்தால் ரத்தம் உறையாது, உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும், போகப் போக இன்னும் குளிரும். இந்தச் சுழலுக்குள் ஆள் போய்விட்டால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பிரயோஜனமில்லை. சீஃப் மாப்களை உள்ளேயே விட்டு, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, ஐசியூவுக்கு அனுப்பிவிட்டார். நாளையோ மறுநாளோ உடம்பு சூடேறிய பிறகு திரும்பத் திறந்து எடுக்க வேண்டும்.

உறைந்த ரத்தம் கரையாமல் காக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் வாசலிலேயே கொடுத்திருந்தார்கள், 1 கிராம் பத்து நிமிடத்தில், அடுத்த 1 கிராம் எட்டு மணி நேரத்தில். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்த மருந்து, பழசு, விலையும் குறைவு. விபத்தில் ரத்தம் இழந்தவர்களின் உயிரைக் காக்கிறது என்பதை 2010-ல் வந்த கிராஷ்-2 ஆய்வு 20,000-க்கும் அதிகமான பேரிடம் காட்டியது. ஒரே நிபந்தனை, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் நன்மைக்குப் பதில் கெடுதல்.

மார்ச் 6, வியாழன்

உள்ளே விட்ட மாப்களின் எண்ணிக்கையைக் கேஸ் ஷீட், தியேட்டர் போர்டு, ஐசியூ சார்ட் மூன்றிலும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி சிஸ்டர் என்னை நிற்க வைத்து எழுத வைத்தார். சரிதான் அவர் செய்தது. மாப் எண்ணுவதில் சிஸ்டர் சொல்வதுதான் சட்டம், கணக்கு இடித்தால் சீஃப்பே ஆனாலும் வயிற்றை மூட முடியாது. ரத்தம் எவ்வளவு போனது என்பதற்கும் அவர்தான் கணக்கு. நனைந்த மாப்பை எடை போட்டு, காய்ந்த மாப்பின் எடையைக் கழித்தால் 1 கிராமுக்குச் சுமார் 1 மில்லி. கண்ணால் பார்த்துச் சொல்கிற மதிப்பு எப்போதும் குறைவாகத்தான் வரும், அதிலும் சர்ஜன் சொன்னால் இன்னும் குறைவு.

மார்ச் 7, வெள்ளி

மாப் எல்லாம் எடுத்தாயிற்று. எண்ணிக்கை சரி. கல்லீரல் ரத்தக் கசிவில்லாமல் காய்ந்து கிடந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஜூனியர்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நீடில் ஹோல்டரை எல்லாரும் பேனா மாதிரி பிடித்து ஊசியைத் தள்ளுகிறார்கள். ஊசி வளைவாக இருப்பதே மணிக்கட்டைச் சுழற்றத்தான். ஊசியின் பின்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடித்து, முனையைத் தோலுக்கு நேர்க்குத்தாக இறக்கி, மணிக்கட்டைத் திருப்பினால் அது தன் வழியில் தானே வெளியே வரும். சாய்த்துக் குத்தினால் தோலின் ஓரம் உள்ளே மடங்கும், மடங்கிய ஓரம் ஒட்டாது, தழும்பும் பள்ளமாக விழும். இரண்டு ஓரமும் லேசாக வெளியே பிதுங்கி நிற்க வேண்டும், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் நாளாக நாளாகத் தட்டையாகிவிடும்.

முடிச்சில்தான் எனக்குக் கோபம் வரும். வலது இடது மாறி மாறிப் போட வேண்டியதை ஒரே பக்கமாகப் போட்டுவிட்டு இறுகிவிட்டது என்கிறார்கள், அது நழுவும். அதிலும் புரோலீன் மாதிரி வழுவழுப்பான ஒற்றை இழை நூலுக்கு மூன்று முடிச்சு போதாது, ஐந்து ஆறு போட வேண்டும். பட்டு நூலுக்கு அவ்வளவு தேவையில்லை, தானே கவ்விக்கொள்ளும்.

இறுக்கம் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன். ஓரங்கள் தொட்டால் போதும். அதற்கு மேல் இறுக்குகிற ஒவ்வொரு இழுப்பும் உள்ளே இருக்கிற நுண்குழாய்களை நெரிக்கிறது, ரத்தம் போகாத திசு வெளுக்கும், அப்புறம் கருகும். தைத்த மறுநாள் காயம் இயல்பாகவே வீங்கும், அந்த வீக்கத்துக்கும் இடம் விட்டுத்தான் தைக்க வேண்டும். "கெட்டியா இருக்கட்டும்னு இழுத்தேன் சார்" என்றாள் ஒரு ஜூனியர். கெட்டியாக இருக்க வேண்டியது நூலில்லை, காயம்.

வயிற்றுச் சுவருக்கு வேறு கணக்கு. 10 செ.மீ. வெட்டுக்குக் குறைந்தது 40 செ.மீ. நூல் உள்ளே போயிருக்க வேண்டும், ஜென்கின்ஸ் என்ற சர்ஜன் 1976-லேயே சொன்ன 4-க்கு 1 விகிதம். முன்பெல்லாம் ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிப் பெரிது பெரிதாக எடுத்துத் தைப்பார்கள். 2015-ல் நெதர்லாந்தில் செய்த ஸ்டிட்ச் ஆய்வில் 5 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. இடைவெளியில் பொடிப்பொடியாகத் தைத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் குடலிறக்கம் வந்தது 13 சதவீதம், பெரிதாகத் தைத்தவர்களில் 21. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் பொடியாகத் தைக்க மனசு வராது, அதுதான் உண்மை.

மார்ச் 12, புதன்

டிரெசிங் வார்டு. வழக்கம்போல "தண்ணீர் படலாமா" என்ற கேள்வி எல்லாப் படுக்கையிலும். சுத்தமாகத் தைத்த காயத்தின் மேல்தோல் 48 மணி நேரத்துக்குள் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து மூடிவிடும், அதற்கப்புறம் குளிக்கலாம், ஊற வைக்கத்தான் கூடாது. ஒருவர் வீட்டிலேயே தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வருவதைப் பார்த்து நன்றாகச் சுத்தமாகிறது என்று நம்பியிருந்தார். நுரைக்கும்போது கிருமியோடு சேர்த்துப் புதிதாக வந்த செல்லும் சாகிறது. காயத்தைக் காய விட வேண்டும் என்பதும் அப்படி ஒரு தவறான நம்பிக்கைதான், ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962-லேயே பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார், ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண்ணில் தோல் சீக்கிரம் வளர்கிறது என்று. பொருக்கு கட்டினால்தான் ஆறுகிறது என்று யாரையும் நம்ப வைக்கத் தேவையில்லை, அதை மாற்றி நம்ப வைப்பதுதான் பாடு.

மார்ச் 15, சனி

காலை ரவுண்ட்ஸில் ஒரு சர்க்கரை நோயாளி, குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் ஆகி ஆறாவது நாள், நாள்பட்ட இருமல்காரர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தையல் வரிசை மேலே பார்க்க அருமையாக இருந்தது. "ராத்திரி கட்டு நனைஞ்சுடுச்சு டாக்டர், மாத்திவிட்டாங்க, திரும்ப நனைஞ்சுடுச்சு" என்றார். படுக்கை விரிப்பில் வெளிர் ரோஜா நிறத்தில் தண்ணீராக ஒரு பெரிய வட்டம். சீழ் இல்லை, ரத்தமும் இல்லை.

இந்த நிறத்தைப் பார்த்தால் சீஃப் சிரிப்பதை நிறுத்திவிடுவார். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் இப்படிக் கசிந்தால் தோல் ஒட்டியிருந்தாலும் அடியில் வயிற்றுச் சுவர் விட்டுவிட்டது என்று அர்த்தம், வயிற்றுக்குள் இருக்கும் நீர்தான் வழிகிறது. மேலே தையல் நன்றாக இருப்பது ஒரு ஆறுதலே இல்லை. கையுறை போட்டு ஒரு தையலை மட்டும் எடுத்ததும் குடலின் பளபளப்பு தெரிந்தது. உள்ளே தள்ளக் கூடாது. உப்புநீரில் நனைத்த ஸ்டெரைல் துணியை மேலே போட்டு, வாய்வழி எதுவும் தராமல், மருந்து ஏற்றிக்கொண்டே நேராகத் தியேட்டர். நூல் அறுந்திருக்கவில்லை, முடிச்சும் அவிழவில்லை. இரும இரும நூல் திசுவை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, நூலைக் குறை சொல்கிறோம், விட்டது திசு.

மார்ச் 18, செவ்வாய்

சேற்றில் கம்பி குத்திக் கிழிந்த கால். ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. தைத்துவிடுங்கள் என்று வீட்டார் வற்புறுத்தினார்கள், தைக்காமல் அனுப்பினால் வைத்தியமே பார்க்கவில்லை என்று நினைக்கிறார்கள். அழுக்கை உள்ளே வைத்து மூடினால் அது சீழ்க்கட்டியாகத்தான் திறக்கும். உப்புநீரை லிட்டர் கணக்கில் ஊற்றிக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, திறந்தே விட்டோம். நான்காம் நாள் பார்த்து, அடி சிவப்பாக, சுத்தமாக இருந்தால் அப்போது தைக்கலாம். அந்தத் தாமதத்தில் உடம்பே பாதி சுத்தம் செய்து வைத்திருக்கும்.

மார்ச் 22, சனி

கால் சுத்தம். தைத்தாயிற்று.

ஏப்ரல் 5, சனி

ரிவ்யூ ஓ.பி. வயிறு பிரிந்தவர் நடந்தே வந்தார், இடுப்பில் பெல்ட்டோடு. மூன்று வாரம் ஆயிற்றே, இனி வேலைக்குப் போகலாமா, மூட்டை தூக்கலாமா என்றார். மூன்று வாரத்தில் ஆறிய காயத்துக்குப் பழைய பலத்தில் சுமார் 20 சதவீதம்தான் இருக்கும், மூன்று மாதத்தில் 80 வரை ஏறும், அதற்கு மேல் எந்தக் காலத்திலும் ஏறாது. விக்ரில் நூல் மூன்று வாரத்திலேயே பாதிப் பலத்தை இழந்துவிடுகிறது, அதனால்தான் வயிற்றுச் சுவருக்கு மெதுவாகக் கரையும் பி.டி.எஸ். நூல் போடுகிறோம். சதை தன் காலில் நிற்கிற வரைக்கும் நூல் தாங்க வேண்டும்.

என்ன சாப்பிட வேண்டும் என்றும் கேட்டார். புரதம், பழம், சர்க்கரை கட்டுக்குள், புகை அறவே கூடாது. பழம் எதற்கு என்று கேட்டதற்கு ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் கப்பல் கதையைச் சொன்னேன். 1740-களில் உலகம் சுற்றப் போன அந்தக் கப்பலில் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பரவியபோது, ஒரு மாலுமிக்கு 50 வருடத்துக்கு முன் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்டு ஆறிப்போன காயம் திரும்பத் திறந்துகொண்டது. தழும்பில் இருக்கும் கொலாஜன் அழிந்து அழிந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது, வைட்டமின் சி இல்லாவிட்டால் அழிவது மட்டும் நடக்கும், கட்டுவது நடக்காது. நம்பாத மாதிரிதான் தலையாட்டினார்.

மூன்று மாதத்துக்குக் கனம் தூக்க வேண்டாம், இரும வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இருமல் இன்னும் விட்டபாடில்லை, அதனால் சீட்டின் மறுபக்கத்தில் நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு ஒரு கடிதமும் எழுதி, இன்றைக்கே காட்டிவிட்டுப் போகச் சொன்னேன்.