பள்ளி ஆண்டுக் குறிப்புகள்: பிள்ளையை எப்போது டாக்டரிடம் காட்டுவது?

ஜூன் 9, 2025

பள்ளி திறந்து ஒரு வாரம். எல்.கே.ஜி. வாசலில் அழுகை ஓயவில்லை. இப்போதே ஓய வேண்டியதும் இல்லை. அம்மா தெருமுனை திரும்பியபின் பிள்ளை என்ன செய்கிறது என்று ஆயாவிடம் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் பொம்மை பக்கம் போய்விட்டால் கவலை வேண்டாம். நாலு வாரம் தாண்டியும் நாள் முழுக்க அழுகை, தனியே படுக்க மறுப்பு, "அம்மா, நீ செத்துப் போயிடுவியா?" என்று ஓயாத கேள்வி என்றால் காட்ட வேண்டும்.

வீட்டில் வாயாடி, வகுப்பில் ஒரு சொல் பேசாத பிள்ளைக்கு முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடுத்த மாதமும் அப்படியே போனால் வெறும் கூச்சம் என்று விடக்கூடாது. மிட்டாய் காட்டிப் பேசவைக்கப் பார்த்தால் இறுக்கம்தான் கூடும்.

ஜூன் 20

16 மாதத்தில் ஒரு சொல்லாவது, 24 மாதத்தில் "பால் தா" போல இரண்டு சொல் சேர்த்து வந்திருக்க வேண்டும். வராவிட்டால் முதலில் காது பரிசோதனை. வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே டாக்டர். "அவன் அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்" என்ற பாட்டி வாக்கு தின்ற மாதங்கள் ஏராளம். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் டி.இ.ஐ.சி. என்ற அரசு மையம் மாவட்டத்தில் எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஜூலை 7

திங்கட்கிழமை வயிற்றுவலி. நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள்; பதற்றத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். தூக்கத்தில் எழுப்பும் வலி, எடை குறைவு, காய்ச்சல், மலத்தில் ரத்தம் இருந்தால் குழந்தைகள் டாக்டரிடம் உடனே போங்கள். இவை எதுவும் இல்லை, லீவு நாளில் வலியும் இல்லை என்றால் பள்ளிப் பக்கம் தேட வேண்டும்.

"ஏன் போகமாட்டேங்கிற?" என்றால் பதில் வராது. "வேன்ல பக்கத்துல யாரு உக்காருவாங்க? பாத்ரூம் எப்படி இருக்கு? எந்த பீரியட் எப்படா முடியும்னு இருக்கும்?" என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் உண்டு. அங்கே கவுன்சலிங்கைவிட பினாயில் உதவும். யாரோ தவறாகத் தொட்டதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டில் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பப் போவதைக் கடினமாக்கும். பள்ளியில் பேசி, இரண்டு பீரியடுக்காவது அனுப்புங்கள்.

ஜூலை 24

"ஒரு இடத்தில் உட்காரமாட்டான்." ஆறு மாதத்துக்கு மேலாக, வீடு பள்ளி இரண்டிலும், 12 வயதுக்கு முன்பே தொடங்கி, படிப்பையோ நட்பையோ கெடுக்கிறதா? ஆமாம் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். டியூஷனில் மட்டும் துள்ளினால் டியூஷனைப் பாருங்கள். போனில் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே என்பது எதையும் காட்டாது. நொடிக்கு நொடி மாறும் திரை முன்னால் யாரும் உட்காருவார்கள்.

இதே புகாரில் ஒளிந்திருக்கும் இன்னொன்று: பேச்சு பாதியில் நின்று, சில நொடி வெறித்த பார்வை, தொட்டாலும் அசைவில்லை, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடர்வது. வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆகஸ்ட் 18

ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால் சிறுநீர், சர்க்கரை, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். அடி உதவாது.

செப்டம்பர் 8

பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் மதிப்பிடும் எஸ்.டி.கியூ. என்ற 25 கேள்வித் தாள் தமிழிலும் கிடைக்கிறது. பெற்றோர் நிரப்பும் தாளில் மொத்தம் 40க்கு 17 அல்லது அதற்கு மேல் வந்தால் காட்டுவது நல்லது. கடைசி ஆறு மாதத்தை நினைத்து நிரப்ப வேண்டும். நேற்றைய சண்டைச் சூட்டில் நிரப்பினால் எண் எகிறும். ஆசிரியர் தாள் வேறு மாதிரி வந்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்றாகாது. பிள்ளை இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருக்கிறது. எண் நோயின் பெயரும் ஆகாது.

அக்டோபர் 10

டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி 2022இல் இதே நாளில் தொடங்கியது. எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். "திமிர்" என்று பெயர் வாங்கிய பையன் இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் சிடுசிடுத்து, கிரிக்கெட்டையும் விட்டு, தூக்கமும் சாப்பாடும் மாறியிருந்தால் அதைத் திமிர் என்று ஒதுக்காதீர்கள். "நான் இல்லாட்டி நிம்மதியா இருப்பீங்க" என்றாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் பிரசங்கம் வேண்டாம், சத்தியம் வாங்கவும் வேண்டாம். தனியே விடாமல், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைத்து, அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ அவசரப் பிரிவுக்கோ போங்கள்.

அக்டோபர் 13

அவசரமில்லாதவர்கள், போகுமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, என்ன நடந்தது, அதற்குமுன் என்ன, எத்தனை நிமிஷம், தூங்கிய நேரம். "எப்பவும் கோபம்" என்பதைவிட "நாலு தடவை, ஹோம்வொர்க் நேரத்தில், அரை மணி" என்பது டாக்டருக்கு உதவும். மந்திரிக்கக் கூட்டிப்போவதானால் போங்கள், அப்பாயின்ட்மென்ட் தேதியை மட்டும் தள்ளாதீர்கள். பிள்ளையிடம் "ஊசி போடுவாங்க", "கடைக்குப் போறோம்" இரண்டும் வேண்டாம். "உனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுல்ல, அதைப்பத்திப் பேசுற டாக்டர்கிட்ட போறோம். கொஞ்ச நேரம் நாங்க வெளியே இருப்போம்" என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள்.